ஏஜென்ட் பேப்பரா? பாக்கிக் கட்டம் போடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.இ. எலக்டிவ்களில் எல்லோரும் ஒதுங்கிப் போகும் மல்டி ஏஜென்ட் சிஸ்டம்ஸில் (தானே முடிவெடுத்து இயங்கும் புரோகிராம்கள், அதாவது ஏஜென்ட்கள், பல சேர்ந்து இயங்குவதைப் பற்றிய பேப்பர்) ஏ பிளஸ். வரையறைகளை மட்டும் உருப்போட்ட ரூம்மேட்டுக்கும் அதே கிரேடுதான், அந்த வயிற்றெரிச்சல் தனி.

பெரிய மார்க் கான்கரன்ட் மெட்டாடெமில் இருக்கிறது. ஏஜென்ட்களைக் காலம் பற்றிய லாஜிக்கில் எழுதும் மொழி அது. விதிகளெல்லாம் ஒரே அச்சு: இதுவரை இப்படி நடந்திருந்தால், இனி இதைச் செய். எழுதிய லாஜிக்கே புரோகிராமாக ஓடும். காபேயின் பிரிப்புத் தேற்றத்தை (காலம் பற்றிய எந்த வாக்கியத்தையும் இந்த அச்சுக்கு மாற்றலாம் என்பது) இரண்டு வரியில் சொல்லிவிட்டு நேராக டிரேஸுக்கு, அதாவது புரோகிராம் ஓடுவதைக் கணம் கணமாக எழுதிக் காட்டுவதற்கு, போங்கள்.

டிரேஸ் என்றால் ஸ்னோ வைட் கணக்குத்தான். ஸ்னோ வைட்டும் குள்ளர்களும் ஆளுக்கொரு ஏஜென்ட். குள்ளர்கள் அவளிடம் இனிப்பு கேட்பார்கள். கேட்டவருக்கு என்றைக்காவது தந்தே ஆக வேண்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். இந்த ‘என்றைக்காவது’தான் மார்க்கைத் தின்னும். எங்க அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘முன் பாக்கி’ என்று ஒரு வரி நிற்கும். டிரேஸ் டேபிளில் நானும் அப்படியொரு கட்டம் போட்டேன். முதல் கணத்தில் ஆவல்காரன், பேராசைக்காரன் என்ற இரண்டு குள்ளர்கள் கேட்கிறார்கள். அடுத்த கணம் ஆவல்காரனுக்குக் கொடுத்தாச்சு, பேராசைக்காரன் பாக்கி. அதற்கடுத்த வரியில் புதிதாக யார் கேட்டாலும் பழைய பாக்கிதான் முதலில் தீர வேண்டும். இந்தக் கட்டம் இல்லாமல் டிரேஸ் போடவே போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கூச்சக்காரன் என்ற குள்ளன் தனிக் கேஸ். முந்தைய கணத்தில் யாராவது கேட்டிருந்தால் அவன் வாயே திறக்க மாட்டான். பேராசைக்காரனோ ஓயாமல் கேட்கிறவன்.

“கூச்சக்காரனுக்கு எப்பத்தானுங்க்கா கெடைக்கும்?” என்று கோபி பக்கத்து ஜூனியர் ஒருத்தி கேட்டாள்.

“மொதக் கணம் தாண்டிட்டா அவன் கேக்கவே வழியில்ல அம்மணி, அதையே விடையா எழுது” என்றேன்.

மீதியெல்லாம் சின்னது:

- ஏஜென்ட் ஜீரோ (ஷோஹமின் ஏஜென்ட் மொழி, 1993): விதியில் மெசேஜ் கண்டிஷன் (வந்த செய்தி), மென்டல் கண்டிஷன் (ஏஜென்ட்டின் மனநிலை) இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.
- ஏஜென்ட்ஸ்பீக் (ராவின் ஏஜென்ட் மொழி, 1996): வெறும் கூட்டல் குறி வந்தால் புது நம்பிக்கை, கூடவே ஆச்சரியக்குறியும் இருந்தால் புது இலக்கு. அவசரத்தில் ஆச்சரியக்குறியை விட்டால் பிளானே மாறிவிடும்.
- பிடிஐ (நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என்ற ஏஜென்ட் மாதிரி) தத்துவக் கட்டுரை: பக்கம் பக்கமாக எழுத வராதவர்கள் சாய்ஸில் விடுங்கள். நான் படிக்கவே இல்லை.