மார்கரிட்டாவும் போடாத ஊறுகாயும்

நம்ம ரங்கமணிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இந்த வருஷம் மார்கரிட்டா சீசன். டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவில் எலுமிச்சைச் சாறு கலந்து போடும் காக்டெயில். போன வருஷம் புளித்த மாவு ரொட்டி. அதற்கு முந்தைய வருஷம் விடிய விடியக் கரி அடுப்புக்குப் பக்கத்தில் காவல் இருந்து பிரிஸ்கெட் இறைச்சி. அதற்கு இது எவ்வளவோ தேவலை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"டாலஸில் இருந்துகொண்டு மார்கரிட்டா போடத் தெரியாதவன் அல்வா சாப்பிடாத திருநெல்வேலிக்காரன் மாதிரி" என்று நியாயம் வேறு. 1971-ல் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவகக்காரர் ஒரு சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து உறைந்த மார்கரிட்டா மெஷின் செய்தது இந்த ஊரில்தானாம். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லியாகிவிட்டது. குழாய் சரிசெய்ய வந்தவர் இரண்டாம் தடவை கேட்டுவிட்டுப் போனார்.

கதை முடிந்ததும் பார்வை என் மிக்சி மேல் விழுந்தது. "இதில் ஒரு ஐஸ்கட்டி விழுந்தால் நாளையிலிருந்து சட்னி உங்கள் பொறுப்பு" என்றேன். உடனே, அசல் மார்கரிட்டாவுக்கு ஐஸை அரைக்கக் கூடாது, குலுக்கத்தான் வேண்டும் என்று கொள்கை மாறியது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. டெக்சஸில் ஞாயிறன்று மதுக்கடை திறக்காது, சனிக்கிழமையும் இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள். எட்டரைக்குக் கிளம்பி, அங்கே போய் நின்று டெக்கீலா பாட்டில் லேபிள் படிக்கிறார். டெக்கீலா காய்ச்சுகிற அகேவ் செடியின் பெயர், 100 சதவீதம் நீல அகேவ் என்று போட்டிருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் 51 சதவீதம் மட்டும் அகேவ் சேர்த்து, மிச்சத்துக்கு வேறு சர்க்கரை கலந்து காய்ச்சினாலும் சட்டப்படி அது டெக்கீலாதானாம். என் கழுத்து நகை வாங்கும்போது இந்த ஆராய்ச்சியில் கால்வாசி நடந்திருக்கலாம்.

மறுநாள் காலை அத்தை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செடி படம் போட்டிருந்தது.

"கத்தாழையாடா?"

"அந்த மாதிரிதாம்மா."

"உடம்புக்குக் குளிர்ச்சிதான்" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்குப்படி டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு லிக்கர் 20 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி. அதற்கான அளவுக் குடுவை தபாலில் வந்து சேரவில்லை. கடைசியில் அத்தையின் இருமல் மருந்து மூடிதான் கைகொடுத்தது. முதல் ரவுண்டு லேசாகத் துளசி வாசம் அடித்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தர் "ஹெர்பல் நோட்ஸ்" என்று பாராட்டினார்.

கிளாஸ் விளிம்பில் தடவும் உப்பும் அத்தை கைங்கரியம். வரமிளகாயைக் கருகாமல் வறுத்து, கல் உப்போடு சேர்த்து நுணுக்கிக் கொடுத்தார். மெக்சிகோக்காரர்கள் மாங்காய், தர்பூசணி என்று எல்லாவற்றிலும் தூவுகிற தஹீன் பொடி அதற்கு முன்னால் நிற்க முடியாது.

சமையலறையை என் பிரியாணி பிடித்துக்கொண்டதால், எலுமிச்சை பிழிகிற வேலை பின்கட்டு வெயிலுக்குப் போயிற்று. 5 பவுண்டு பை. "ஏசியில எலும்பெல்லாம் குத்துது, நான் வெளியில உட்கார்ந்து பிழியறேன்" என்று அத்தையேதான் போனார். ஸ்க்வீசரை நீட்டினால், கல்யாணத்துக்கே கையால் பிழிந்தவளிடம் இது எதற்கு என்று ஒதுக்கிவிட்டார். விதையே இல்லாத பெரிய பெர்சியன் எலுமிச்சை, அழுத்தினால் முழங்கை வரைக்கும் சாறு ஓடும். ஜூலை மாத டாலஸ் வெயில் மேலே காய்ந்தது.

விருந்து அமோகம். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர் அத்தை ஒருத்தர்தான்.

இரண்டு நாள் கழித்து அவர் கையில்தான் சிவப்புத் திட்டு வந்தது. அப்புறம் கொப்புளம், அப்புறம் பழுப்பு. சாறு வழிந்த வழியெல்லாம் வரி வரியாக, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அக்கியோ என்று பயந்துபோய் டாக்டரிடம் வீடியோவில் காட்டினோம். பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வெயிலில் எலுமிச்சை பிழிந்தீர்களா?" என்றார். எலுமிச்சையில் சோராலென் என்று ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே புற ஊதாக் கதிரும் விழுந்தால் தோல் வெந்துபோகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போனால் ஒன்றும் ஆகாது. ஊரில் நிழலில் உட்கார்ந்து பிழிந்ததால் அத்தை இத்தனை வருஷம் தப்பித்திருக்கிறார். இந்த ஊர் டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிற செல்லப் பெயர் "மார்கரிட்டா பர்ன்". தானாகவே மறையும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

அந்த வாரக்கணக்கில்தான் எனக்கு ஏழரை.

கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்த நாத்தனார் கையைப் பார்த்து அலறிவிட்டாள். அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிஞ்சேன்டி, வெயில் பட்டுடுச்சு." போனை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாக, "அவன் குடிக்கிறான்னு அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி" என்றார்.

பிள்ளை மானம் காப்பாற்றப்பட்டது. என் மானம் அன்று சாயங்காலமே பொள்ளாச்சி வரை போயிற்று. அமெரிக்காவில் மருமகள் மாமியாரை வெயிலில் உட்கார வைத்து மூட்டை மூட்டையாக எலுமிச்சை பிழியச் சொல்கிறாளாம். திருச்சியிலிருந்து என் சொந்த அம்மாவே கூப்பிட்டு, "ஏண்டி, ஊறுகாய் கடையில கிடைக்காதா?" என்று கேட்டாள். எலுமிச்சை ஊறுகாய்க்குப் பழத்தை நறுக்கி உப்பில் போடுவார்களே தவிர, யார் ஐந்து பவுண்டு பிழிவார்கள் என்று இத்தனை சமையல் தெரிந்த குடும்பத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இன்று காலை நாத்தனாரிடமிருந்து குரல்பதிவு. "அண்ணி, அம்மா திரும்பி வரும்போது அந்த ஊறுகாய்ல ரெண்டு பாட்டில் கொடுத்து விடுங்க. அவ்வளவு பாடுபட்டுப் போட்டிருக்காங்க, நாங்களும் ருசி பார்க்கறோம்."

அத்தைக்கு ஒரே குஷி. கை சரியாகும் வரை எலுமிச்சையைத் தொட மாட்டாராம், பக்கத்தில் உட்கார்ந்து பக்குவம் மட்டும் சொல்வாராம். கடைக்குப் போய்ப் பையைத் தூக்கி வந்து நறுக்க உட்கார்ந்திருக்கிறேன். ரங்கமணி எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் வெட்டிடாதே, சனிக்கிழமை நாலு பேர் வர்றாங்க" என்கிறார்.