கடினம் வேறு, தாங்குவது வேறு

கவச எஃகு என்றால் கடினமாக இருந்தால் போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தோட்டாவுக்கு அது சரி. பிரினெல் என்ற கடினத்தன்மை அளவுகோலில் 500 வரும் தகடு சாதாரணத் தோட்டாவின் முனையையே நசுக்கிவிடும். வெடிப்பு அப்படி இல்லை. அழுத்த அலை கண்ணிமைப்பதற்குள் தகடு முழுவதையும் தள்ளுகிறது. அந்த ஆற்றலை எஃகு வளைந்து, புடைத்துத்தான் செரிக்க வேண்டும். வலிமை கூடினால் புடைப்பு குறையும். ஆனால் நீளும் தன்மையும் பொதுவாகக் குறைவதால், இறுக்கிப் பிடித்த விளிம்பில் சட்டென்று கிழியலாம். பற்றவைத்த இடம் இன்னும் மோசம்: அந்தச் சூட்டிலேயே பக்கத்து எஃகின் பதம் போய்விடும்.

கண்ணிவெடி தாங்கும் வண்டிகளின் அடிப்பாகம் ‘வி’ வடிவில் இருப்பது அலையை இருபுறமும் ஒதுக்கிவிடத்தான். வெறுமனே தடிமனைக் கூட்டுவதைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அப்புறம், தரையிலிருந்து அடித்தகடு உயர உயர வெடிப்பின் தாக்கமும் குறையும்.