எங்கள் எம்.எல்.ஏ. என்ன வேலை செய்தார் என்று தேடிப் பார்த்த அனுபவம்

ஒரு எம்.எல்.ஏ.வின் வேலையை அரசுப் பதிவேடுகளை வைத்தே மதிப்பிட முடியுமா என்று பார்க்க எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நாலைந்து பேர் இறங்கினோம். முடிகிறது. ஆனால் எதை எங்கே கேட்பது என்று பிடிபடவே எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது. சென்னையின் 16 தொகுதிகளில் வேறு எங்காவது யாராவது இதைச் செய்ய நினைத்தால் அந்த நாட்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் தொகுதி எது, அவர் எந்தக் கட்சி என்பதைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு முழுக்கக் கட்சிச் சண்டையாகப் போய்விடும்.

ஆரம்பம் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது வரைதான் இருக்கிறது. அதன் பிறகு பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதனாலேயே பத்தாவதோடு நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்கள் எல்லாரும் இதை மேல்நிலைப் பள்ளி ஆக்குவோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தவர் அதற்கு என்ன செய்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா தவறாம வருவாரு" என்று ஒரு அக்கா சொன்னார். அது உண்மைதான், ஆனால் நாங்கள் தேடியது அதை இல்லை.

முதல் கூட்டத்தில் என்னென்ன கண்காணிக்கலாம் என்று எழுதச் சொன்னபோது குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய்த் தொல்லை என்று பட்டியல் நீண்டது. இவை எல்லாம் மாநகராட்சி வேலை, கேட்க வேண்டியது கவுன்சிலரை. மக்களைக் குறை சொல்லவும் முடியாது. 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போய்த்தான் பழக்கம். இப்போது 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பள்ளியைத் தரம் உயர்த்துவது மாநில அரசின் முடிவு, எம்.எல்.ஏ. வாய் திறந்து கேட்க வேண்டிய விஷயம். அதனால் அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டோம்.

வேட்புமனுவோடு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து எடுத்தோம். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். ஓட்டுப் போடும் முன் படிக்க வேண்டியது அது, ஜெயித்த பிறகு என்ன செய்தார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அப்புறம் பேரவை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் உட்கார்ந்து பார்க்க முடியாதென்றாலும் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மீதிக்கு அச்சான நடவடிக்கைக் குறிப்புகள்தான். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும், பெயரைத் தட்டித் தேடினால் எல்லா இடத்திலும் கிடைக்காது. "மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு முன்வருமா?" என்ற பாணியில்தான் கேள்விகள் வரும், அமைச்சர் பதிலும் அநேகமாக ஓரிரு வரிதான். அந்த ஓரிரு வரியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பதும் "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்பதும் வேறு வேறு. இரண்டாவது மாதிரிப் பதில்களைப் பின்தொடர்வதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, இந்த வேலையில் இறங்கும்வரை அப்படி ஒரு குழு இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

வாக்கெடுப்பை வைத்து மதிப்பிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கைகளும் சட்ட முன்வடிவுகளும் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவே இருக்காது. அப்படிப் பதிவு இருந்தாலும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போகலாம், ஆகவே அது அவருடைய சொந்த முடிவு என்று சொல்ல முடியாது. அதனால் அதை விட்டுவிட்டோம்.

கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்வேன். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்லும் இடத்தில் இருப்பார். 2021-இல் அமைந்த அவையில் கொளத்தூர் உறுப்பினர் முதல்வர், துறைமுகம், சைதாப்பேட்டை உறுப்பினர்கள் அமைச்சர்கள். இவர்களுக்குக் கேள்விக் கணக்கில் பூஜ்யம் போட்டால் அது நியாயமே இல்லை. மும்பையில் பிரஜா என்ற அமைப்பு எம்.எல்.ஏ.க்களுக்கு மதிப்பெண் போட்டு அறிக்கை வெளியிடுகிறது, அதற்கு அவர்களிடம் ஆள் பலமும் முறையும் இருக்கிறது. நாங்கள் மதிப்பெண் போடவில்லை. ஒரு பக்கம் எங்கள் பகுதியின் தேவை, எதிரில் அதைப் பற்றி அவர் எங்கே என்ன பேசினார், பதில் என்ன, அதன் பிறகு என்ன நடந்தது, அவ்வளவுதான் எங்கள் தாள்.

அதிக உழைப்பு போனது தொகுதி மேம்பாட்டு நிதியில்தான். ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 234 பேருக்கும் சேர்த்தால் 702 கோடி. இந்தப் பணம் அவர் கைக்கு வராது, வேலையைப் பரிந்துரைப்பதோடு சரி, மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை எல்லாம் அதிகாரிகள் பக்கம். ஆகவே பரிந்துரைக்கு அவரையும், வேலை எப்படி நடந்தது என்பதற்கு அதிகாரிகளையும் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவார்கள், நாம் நடுவில் நிற்போம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைச் சொல்கிறது. "ஏன் எங்கள் பகுதிக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் இல்லை, விளக்கம். பரிந்துரைக் கடிதங்களின் நகல், ஆண்டுவாரியாக வேலையின் பெயர், இடம், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதி தேதி, பணி ஆணை தேதி, முடிந்த தேதி, செலவான தொகை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிரிவு 6(3)-இன்படி உரிய இடத்துக்கு அவர்களே 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். நாங்கள் மனு போட்ட ஓர் அலுவலகத்திலிருந்து பதிலுக்கான 30 நாள் கெடு தாண்டியும் சத்தமே இல்லை, மேல்முறையீடு செய்த பிறகுதான் பட்டியல் வந்தது, அதிலும் முடிந்த தேதி இல்லாமல். விடாமல் மறுபடி கேட்டோம். கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது, இந்தத் தேதிகளை காலண்டரில் குறித்து வைப்பது ரொம்ப முக்கியம்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக நடந்தோம். அங்கன்வாடி, நியாய விலைக் கடைக் கட்டடம், பஸ் நிழற்குடை, உயர்கோபுர விளக்கு. பெரும்பாலானவை சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அங்கன்வாடிக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த அம்மா, இதற்கு முன் வாடகை அறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னார், எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இரண்டு வேலைகள் மட்டும் தாளில் இருந்த இடத்தில் இல்லை. ஒன்று இட வசதி இல்லாமல் அடுத்த தெருவுக்கு மாறியிருக்கிறது, இன்னொன்றுக்கு இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேரவைக் குறிப்புகளில் அவர் பெயரில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. கேட்கவே இல்லை என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் 2022 ஆகஸ்டில் முதல்வர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார் இல்லையா, அந்தப் பட்டியலையும் மனு போட்டு வாங்கினோம். அதில் ஏழாவதாக எங்கள் பள்ளி இருந்தது. அவை நடவடிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது, கண்டிப்பாக இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரம் வாங்கி அவரைப் போய்ப் பார்த்தோம். சண்டை போடவோ சால்வை போர்த்தவோ போகவில்லை. முதலில் கொஞ்சம் விறைப்பாக இருந்தார், "யார் அனுப்பினாங்க உங்கள?" என்று உதவியாளர் கேட்டார். அங்கன்வாடியைப் பற்றி நாங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் பேச்சு மாறியது. "சார், பத்துல ஏழாவதா நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க, அவையில ஏன் கேக்கல?" என்று ஆசிரியர் கேட்டார். "லிஸ்ட்ல போட்டா போதும்னு நெனச்சேன் சார், அடுத்த கூட்டத்தொடர்ல கேக்கறேன்" என்றார். பத்தாவது முடித்து வெளியே போகும் மாணவிகளின் எண்ணிக்கை, அடுத்த மேல்நிலைப் பள்ளியின் தூரம், காலியாக இருக்கும் இடத்தின் அளவு மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கேட்டார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது: பேரவையில் எழுந்து நிற்கும் ஆளுக்குக் கையில் விவரம் வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த கூட்டத்தொடரில் வேறொரு உறுப்பினரின் பள்ளிக் கேள்விக்கு நடுவே பேரவைத் தலைவரிடம் அனுமதி வாங்கித் துணைக் கேள்வியாக எழுப்பினார், நாங்கள் கொடுத்த தூரக் கணக்கைச் சொல்லியே. பதில், நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். பள்ளி இன்னும் உயர்நிலைப் பள்ளிதான். தரம் உயர்த்துவதற்கான முன்மொழிவு துறையில் எந்த நிலையில் இருக்கிறது, கோப்பு எண் என்ன என்று கேட்டு புது மனு அனுப்பியிருக்கிறோம், 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. பதில் வந்ததும் அந்தத் தாளின் ஒரு பிரதி அவருக்கும் போகும்.