உணர்ச்சியை உள்ளடக்கி நடித்த டெபோரா கெர்

சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு டெபோரா கெர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டார். ஆறு முறையும் விருது வேறொருவருக்குப் போயிற்று. 1949-இல் வெளிவந்த 'எட்வர்ட், மை சன்' தொடங்கி 1960-இல் வெளிவந்த 'தி சன்டௌனர்ஸ்' வரை இதுவே நடந்தது. அவருடைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் எனக்கு, இதற்கான காரணம் அவருடைய நடிப்பு முறையிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. கதறி அழும் காட்சியும் ஆத்திரத்தில் வெடிக்கும் காட்சியும் யார் கண்ணிலும் படும். கெர் ஏற்ற பெண்களோ பெரும்பாலும் அழுகையையும் ஆசையையும் அச்சத்தையும் வெளியே வரவிடாமல் பிடித்துவைக்கப் போராடுகிறவர்கள். அந்தப் போராட்டத்தைத்தான் அவர் நடித்துக் காட்டினார். அவரைக் கண்ணியமான ஆங்கிலச் சீமாட்டி என்ற ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டவர்கள், அந்தக் கண்ணியத்துக்கு அடியில் அவர் எவ்வளவு கொந்தளிப்பை வைத்திருந்தார் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

உண்மையில் அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1921 செப்டம்பர் 30 அன்று. அவருடைய தந்தை ஆர்தர் டிரிம்மர், முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் ஒரு காலை இழந்தவர். டெபோரா முதலில் பயின்றது பாலே நடனம். 1938-இல் லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் மேடையில் ஆடியும் இருக்கிறார். பாலேவுக்கு அவருடைய உயரம் ஒத்துவராததால் நாடகத்துக்கு மாறினார். ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் சின்னஞ்சிறு வேடங்களில் வந்து போனவர், பெர்னார்ட் ஷாவின் நாடகத்தைத் தழுவிய 'மேஜர் பார்பரா' (1941) வழியாகத் திரையில் அறியப்பட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் எடுத்த 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்' படத்தில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் விரியும் கதையில், ஒரே முகச்சாயல் கொண்ட மூன்று வெவ்வேறு பெண்களாக நடித்தார். பெர்லினில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை, முதல் போரின் செவிலி, இரண்டாம் போரின் ராணுவ ஓட்டுநர் ஆகிய மூவரையும் நடை, பேச்சு, துணிச்சலின் அளவு ஆகியவற்றாலேயே அவர் வேறுபடுத்திக் காட்டியபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. சர்ச்சில் இப்படத்தை எதிர்த்தார் என்ற செய்தி எல்லோர் வாயிலும் நிற்கிறது. அந்த மூன்று வேடங்கள் அந்த அளவுக்குப் பேசப்படாதது எனக்கு வருத்தமே.

அதே இருவர் 1947-இல் எடுத்த 'பிளாக் நார்சிசஸ்' அவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்ட முதல் படம். கல்கத்தாவிலிருந்து இமயமலைச் சரிவிலுள்ள ஒரு பழைய அரண்மனைக்கு, பள்ளியும் மருந்தகமும் நடத்துவதற்காக அனுப்பப்படும் கன்னியாஸ்திரிகளின் கதை அது. படப்பிடிப்புக் குழு இந்தியாவுக்கு வரவே இல்லை. பைன்வுட் ஸ்டுடியோவில் கட்டிய அரங்கமும், கண்ணாடியில் தீட்டிய மலைகளும், சசெக்ஸில் உள்ள ஒரு தோட்டமும் இமயமாக நின்றன. ஒளிப்பதிவுக்கு ஜாக் கார்டிஃபும் கலை இயக்கத்துக்கு ஆல்ஃபிரட் யுங்கேயும் ஆஸ்கர் பெற்றனர். மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த நடிகர் சாபுவைத் தவிர முக்கிய இந்தியப் பாத்திரங்களில் முகத்தில் கருமை பூசிய ஆங்கிலேயர்கள் வருவது இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

தலைமைச் சகோதரி குளோடாவாக வரும் கெர், நடிகையின் கருவிகளில் பெரும்பாலானவற்றை இழந்த நிலையில் நடிக்கிறார். வெள்ளை அங்கி உடலை மறைக்கிறது; தலைத்துணி கூந்தல், காது, கழுத்து மூன்றையும் மூடிவிடுகிறது. நெற்றிக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட சிறு பகுதிதான் அவருக்கு மிஞ்சுகிறது. சிற்றாலயத்தில் வழிபாட்டின் நடுவே அவள் மனம் அயர்லாந்தில் விட்டு வந்த காதலனிடம் போகும்போது, உதடுகள் அசையாமல் இருக்க, கண்களில் மட்டும் ஓர் இளக்கம் படர்கிறது. அடுத்த கணம் செந்நிறக் கூந்தல் பறக்கும் இளம்பெண்ணாக அவளைக் காண்கிறோம். பின்னால் ஓர் இரவு, கேத்லீன் பைரன் நடித்த சகோதரி ரூத், துறவாடையைக் களைந்து சிவப்பு உடையில் அமர்ந்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறாள். எதிரே குளோடா விவிலியத்தைத் திறக்கிறாள். இருவருக்கும் நடுவில் மெழுகுவத்தி உருகிக் குறைகிறது. பைரனின் நடிப்பு மறக்க முடியாதது. ஆனால் அந்தக் காட்சிக்கு எடை தருவது, தானும் அதே சரிவின் விளிம்பில் நிற்பதை உணர்ந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் மற்றவளின் முகம்தான். நியூயார்க் விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருதை அவருக்கு அளித்ததில் எனக்கு வியப்பில்லை.

இதன் பிறகு எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துக்கொண்டது. 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்', 'குவோ வாடிஸ்' போன்ற பிரம்மாண்டப் படங்களில் அழகாக நிற்பதைத் தவிர அவருக்கு அதிக வேலை இருக்கவில்லை. அந்தச் சட்டத்தை உடைத்தது 1953-இல் பிரெட் ஜின்னமான் இயக்கிய 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'. ஹவாய்க் கடற்கரையில் அலை புரள பர்ட் லங்காஸ்டரும் அவரும் முத்தமிடும் காட்சியை, படத்தைப் பார்க்காதவர்களும் அறிவார்கள். அந்த முத்தம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து, அவளுடைய பழைய உறவுகளைப் பற்றி அவன் குத்திக் காட்டிக் கேட்க, கணவனின் அலட்சியத்தால் குழந்தையை இழந்ததையும், இனித் தாயாக முடியாமல் போனதையும் அவள் சொல்கிறாள். குரலை உயர்த்தாமல், வேறு யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வது போல் தொடங்கி, மெல்ல மெல்ல உடையும் அந்தப் பேச்சுதான் அக்காட்சியின் உயிர். சுவரொட்டிகளோ முத்தத்தோடு நின்றுவிட்டன.

'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் அவருக்காகப் பின்னணி பாடியவர் மார்னி நிக்சன். பின்னணிக் குரலை மறைத்துவைப்பதே அன்றைய ஹாலிவுட் வழக்கம். கெர் அதை வெளிப்படையாகச் சொல்லி நிக்சனுக்கு உரிய பெயர் கிடைக்க வழிசெய்தார். மறுஆண்டு 'ஹெவன் நோஸ், மிஸ்டர் அலிசன்' படத்தில் ராபர்ட் மிட்சமுடன் மீண்டும் கன்னியாஸ்திரியாக வந்தார். இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடித்தமானது. இருவரும் ஆஸ்திரேலியாவில் நாடோடி ஆட்டு மந்தை ஓட்டும் தம்பதியாக நடித்த 'தி சன்டௌனர்ஸ்' படத்தில் ரயில் நிலையக் காட்சி ஒன்று உண்டு. நடைமேடையில் வெயிலில் கறுத்த முகத்தோடு நிற்கும் ஐடா, ரயில் பெட்டிக்குள் நாகரிக உடையணிந்த ஒரு பெண் முகத்துக்கு ஒப்பனை செய்துகொள்வதைப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணும் இவளைப் பார்க்கிறாள். வசனமே இல்லை. தான் வாழாமல் விட்ட வாழ்க்கை ஒன்று எதிரே வந்து நின்று நகர்ந்து போவதை, பொறாமையும் வெட்கமும் ஏக்கமுமாகக் கெரின் முகம் ஏந்திக்கொள்கிறது. ஆறாவது முறையும் விருது கிடைக்காமல் போனது இந்த நடிப்புக்குத்தான்!

ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலைத் தழுவி ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னசென்ட்ஸ்' (1961) அவருடைய படங்களிலேயே உச்சம் என்பேன். தனித்த மாளிகையில் இரு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வரும் ஆசிரியை, இறந்துபோன இருவரின் ஆவிகள் அக்குழந்தைகளைப் பற்றியிருப்பதாக நம்பத் தொடங்குகிறாள். மூலக்கதையில் அவள் இருபது வயதுப் பெண். கெர் அப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். அந்த வயது வேறுபாடே படத்துக்குப் புது ஆழம் தருகிறது. இத்தனை காலம் எதையும் கேட்காமல், எதையும் அடையாமல் வாழ்ந்த ஒருத்தியின் கற்பனை, முதல் முறையாக இடம் கிடைத்ததும் எங்கெல்லாம் பரவும் என்ற அச்சம் நம்மையும் தொற்றுகிறது. ஒளிப்பதிவாளர் பிரெடி ஃபிரான்சிஸ், அகன்ற சினிமாஸ்கோப் சட்டத்தின் ஓரங்களை இருளாக்கக் கண்ணாடி வடிகட்டிகளில் வண்ணம் பூசிப் பயன்படுத்தினார். அந்த இருளுக்குள் மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் கெரின் கண்கள் காண்பது பேயையா, தன் மனத்தையா என்பதைப் படம் இறுதிவரை சொல்வதில்லை. கெர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல், இரண்டும் உண்மையாகும்படி நடித்திருக்கிறார். இந்த நடிப்புக்கு ஓர் ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை.

அறுபதுகளின் முடிவில் திரையின் போக்கு மாறியபோது அவர் திரைப்படங்களிலிருந்து விலகி, மேடைக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் சென்றார். முதல் கணவர் போர் விமானி ஆண்டனி பார்ட்லியுடனான மணவாழ்வு 1959-இல் முறிந்திருந்தது. அடுத்த ஆண்டு எழுத்தாளர் பீட்டர் வீர்ட்டலை மணந்து சுவிட்சர்லாந்திலும் ஸ்பெயினிலும் வாழ்ந்தார். நெடு இடைவெளிக்குப் பின் 1985-இல் வந்த 'தி அஸ்ஸாம் கார்டன்' அவருடைய கடைசித் திரைப்படம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட வாழ்வை விட்டு இங்கிலாந்து திரும்பிய, கணவனை இழந்த முதியவள் ஒருத்தியும், மதுர் ஜாஃப்ரி நடித்த இந்திய அண்டை வீட்டுப் பெண்மணியும் சேர்ந்து ஒரு தோட்டத்தைப் பராமரிக்கும் கதை. 'பிளாக் நார்சிசஸ்' காட்டிய பூசிய முகங்களுக்குப் பிறகு, கெர் ஓர் இந்திய நடிகைக்குச் சரிசமமாக எதிரே நின்று நடித்திருப்பதைக் காண எனக்கு நிறைவாக இருந்தது.

1994-இல் அமெரிக்க அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கியது. பார்கின்சன் நோயோடு வாழ்ந்த அவர், 2007 அக்டோபர் 16 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் காலமானார். மூன்று வாரம் முடிவதற்குள் வீர்ட்டலும் இறந்தார்.

அவரைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கடற்கரை முத்தத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 'தி சன்டௌனர்ஸ்' பாருங்கள். அந்த ரயில் நிலையக் காட்சி பிடித்துப்போனால், அதன் பிறகு 'பிளாக் நார்சிசஸ்' படத்துக்குப் போகலாம். 'தி இன்னசென்ட்ஸ்' படத்தை மட்டும், அந்த முகத்தின் சிறு அசைவுகள் பழகிய பிறகு பார்ப்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.