காயாத அட்டைகள்

அக்டோபர் 14, திங்கள்

ஏற்காட்டில் விடிந்ததிலிருந்து தூறல். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பிறவி நோய்களுக்குப் பார்க்க நாகலூரிலிருந்து வந்த காகித அட்டைகள் காயவில்லை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் பழுப்பாகிவிட வேண்டும். மத்தியானம் வைத்தது இரவிலும் செக்கச்செவேல் என்றிருக்கிறது. வெயில் ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. ஈரத்தில் கிடந்தால், பால் சர்க்கரையை உடைக்க முடியாத கேலக்டோசீமியா என்ற நோய்க்குப் பார்க்கும் நொதி செத்துவிடும். நல்ல பிள்ளைக்கும் நோய் என்று வரும். கட்டிலை அட்டைகளுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 15

கூரியர் வண்டி மலை ஏறவில்லை.

அக்டோபர் 16

அட்டைகளோடு நானே சேலத்துக்கு இறங்கினேன். பிரசவ வார்டில் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஞாயிறன்று பிறந்த ஆண் குழந்தை, பால் குடிக்கச் சுணங்குகிறது. காதருகே முகர்ந்தேன். கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகின் மணம்.

புரதத்தில் இருக்கும் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் உடைக்க முடியாத குழந்தை இப்படித்தான் மணக்கும், மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று பெயர். வெந்தயம் தின்ற தாயின் குழந்தையும் இப்படியே மணக்கும். இரண்டிலும் மணப்பது சோடோலோன் என்கிற ஒரே பொருள். இந்தப் பக்கம் பிள்ளை பெறுகிறவளுக்கு வெந்தயம் கொடுக்காத வீடு ஏது?

"வலி எடுத்த அன்றே களி கிண்டிக் கொடுத்தேன் அம்மணி" என்றார் பாட்டி. அப்பாடா என்றிருந்தது. அதற்குள் அடுத்த வார்த்தை: "முதல் பிள்ளையும் இப்படித்தான் மணத்தது. எட்டாம் நாள் போய்விட்டது."

மகளைத் தன் தம்பிக்கே கட்டிக்கொடுத்ததையும் நான் கேட்காமலே சொன்னார்.

அக்டோபர் 17

தாய்ப்பாலை நிறுத்தியாயிற்று. குளூக்கோஸ் ஏறுகிறது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்து லூசினைக் கூட்டிவிடும். முடிவு வார்டு டாக்டருடையது. ஆனால் அவர் நம்பியது என் மூக்கை. ரத்தத்தில் இவற்றை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி சென்னையில் இருக்கிறது, இங்கே மூக்குதான். சிறுநீரில் டிஎன்பிஎச் என்ற சோதனைத் திரவம் விட்டோம். மஞ்சளாகக் கலங்கியது. பட்டினியில் வரும் வெறும் கீட்டோனுக்கும் கலங்கும், அதனால் அதுவும் சாட்சி இல்லை.

தாய் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் வைத்திருக்கிறாள். கொட்ட மனம் வரவில்லையாம். வெந்தயம்தான் என்று முடிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெந்தயம் இல்லை என்றால்? எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

அக்டோபர் 18

தூக்கம் இல்லை. 1934இல் நார்வேயில் போர்க்னி எகெலான் என்ற தாய், தன் இரு பிள்ளைகளிடமும் வீசும் வாடையைப் பற்றி டாக்டர் டாக்டராகப் போய்க் கேட்டாள். ஃபோலிங் என்பவர்தான் சிறுநீரைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைடு விட்டதும் பச்சையானது. இதே போல ஒரு அமினோ அமிலத்தை உடைக்க முடியாத நோயான ஃபினைல்கீட்டோனூரியா பிடிபட்டது அப்படி.

பாட்டியிடம் முதல் பிள்ளையின் பழைய சீட்டு இருக்கிறது, வேறு ஏதோ ஊர் மருத்துவமனை. 'செப்சிஸ்' (ரத்தத்தில் கிருமித் தொற்று) என்று ஒரே சொல். வாடையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவர் அன்றைக்கும் சொல்லித்தான் இருப்பார்.

அக்டோபர் 19

குழந்தையின் ரத்த முடிவு சென்னையிலிருந்து போனில் வந்தது. லூசினையும் ஐசோலூசினையும் அந்தக் கருவி பிரித்துக் காட்டாது. சேர்ந்த எண் ஆயிரத்துக்கு மேல். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அலோஐசோலூசின் என்ற பொருளைப் பார்த்து உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு, அது வரும்வரை யாரும் கைகட்டி நிற்கவில்லை. தயமின் (வைட்டமின் பி1) தொடங்கியாயிற்று, சிலருக்குக் கேட்கும். லூசின் நீக்கிய பால் பவுடருக்காக ஊர் ஊராகப் போன்.

வெந்தயம் இல்லை.

அக்டோபர் 20

கால்கள் சைக்கிள் மிதிக்கின்றன. பார்க்கிறவர்கள் விளையாடுகிறான் என்கிறார்கள். அது மூளை பாதிக்கப்படும் அறிகுறி. எழுத முடியவில்லை.

அக்டோபர் 22

கண் திறந்து பார்த்தான்! பவுடர் டின் நேற்று மாலை வந்தது. லூசின் அடியோடு இல்லாமலும் பிள்ளை வளராது என்பதால், எண் இறங்கியதும் தாய்ப்பாலும் அளந்து கொடுக்கலாம். "என் பாலா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அக்டோபர் 25

வார்டுக்குப் போகும் வழியில் ஜவ்வரிசி மூட்டை லாரி. ஊட்டச்சத்துக் கூட்டங்களில் ஜவ்வரிசிக் கஞ்சி என்றாலே முகம் சுளிப்பார்கள்: வெறும் மாவு, புரதமே இல்லை. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதுதானே! அரிசியில் நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் புரதம், ஜவ்வரிசியில் ஒரு கிராம்கூடக் கிடையாது. பருப்பும் முட்டையும் தொடவே முடியாத பிள்ளை ஆறு மாதத்துக்குப் பிறகு எதைத் தின்று வயிறு நிறைப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் பிறந்தானே, பிழைத்தான். பாட்டியிடம் சொன்னதும், உப்புமா செய்யலாமா, வடாம் போடலாமா என்று ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 27

"இரண்டு இப்படி ஆயிற்று. நாலில் ஒரு பிள்ளைக்கு வரும் என்கிறீர்களே, இனி ஆறு பிள்ளைக்குப் பயமில்லைதானே?" என்றார் குழந்தையின் அப்பா. இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டை மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்குவதுதான். கருவிலேயே பார்க்க முடியும், அதற்கு முதலில் இருவரிடமும் எந்த மரபணுப் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

பாட்டி வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்: "என் தம்பிக்குக் கொடுத்ததால்தானா அம்மணி?" ஓரளவு ஆம். வெளியே கொடுத்திருந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதைச் சொன்னேன். வாடையைக் கவனித்ததும் அவர்தான், அதையும் சொன்னேன். எது அவர் காதில் ஏறியது என்று தெரியவில்லை. சொந்தத்தில் கட்டாதே என்று சுவரெங்கும் எழுதுகிறோம். கட்டியவர்களின் பிள்ளைக்கு மூன்றாம் நாள் ஒரு சொட்டு ரத்தம் பார்க்க ஆளில்லை.

அக்டோபர் 28

டின் பாதிக்குக் கீழே. பவுடர்க்காரர் தீபாவளி கழித்துப் பேசலாம் என்கிறார். வியாழன்தான் தீபாவளி. மாலை மறுபடி கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் இரவு பஸ்ஸில்