நேர்கோட்டில் அளந்தால் பக்கம்தான்

"ஏண்டி, லண்டன் வரைக்கும் போயி பிள்ளைய கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலயா சேத்திருக்க?"

அம்மா வீடியோ காலில் இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமானது இருந்தது, பரிதாபம். ஃபீஸ் எவ்வளவு என்றாள், இல்லை என்றேன். டொனேஷன்? அதுவும் இல்லை. யூனிஃபார்ம் மட்டும் நாம்தான் வாங்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலையில ஏதும் பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு குடும்பம் செய்கிற முதல் காரியம், பிள்ளையை ஒன்றியப் பள்ளியிலிருந்து எடுத்து, வாசலுக்கு மஞ்சள் வேன் அனுப்புகிற மெட்ரிகுலேஷன் பள்ளியில் போடுவது. என்னையும் அஞ்சாவது முடித்ததும் அப்படித்தான் மாற்றினார்கள். நெல் போட்ட காசில் அப்பா ஃபீஸ் கட்டி, அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் போய், இந்த கவர்மெண்டுப் பள்ளியில் ஓர் இடம் பிடிப்பதற்காகத்தான் ஒருத்தர் சம்பளத்தை அப்படியே வாடகைக்குக் கொடுக்கிறோம் என்று எப்படி விளக்குவது?

எனக்கே அது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. ஊரில் புதிதாக யாரைப் பார்த்தாலும் "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்போம். அதிலிருந்து இன்னாரைத் தெரியுமா, இன்ன தெருவா என்று போய் ஆளை எடை போட்டுவிடுவோம். வடமேற்கு லண்டனில் ஒரு பொங்கல் விழாவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்கூல் கேட்ச்மெண்ட்?" கேட்டது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். மூன்று பிள்ளைகளையும் இப்போது என் பெண் படிக்கிற இதே பள்ளியில் படிக்க வைத்தவர். நான் விழித்ததைப் பார்த்து, தட்டில் இருந்த பொங்கலை ஓரம் வைத்துவிட்டு அரை மணி நேரம் பாடம் எடுத்தார்.

பிள்ளை நாலு வயது முடித்த பிறகு வருகிற செப்டம்பரில் ரிசப்ஷன், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு. அதற்கு முந்தின ஜனவரி 15க்குள் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்கு, விண்ணப்பம் போட வேண்டும், லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். ஏப்ரல் 16 அன்று எந்தப் பள்ளி என்று சொல்வார்கள். நேர்காணல் கிடையாது, டெஸ்ட் கிடையாது, எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் கிடையாது. பெற்றோர் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளுக்கு முதலிடம். அப்புறம் ஏற்கெனவே அங்கே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள். அவர்களுக்குப் போக மிச்சம் இருக்கிற இடங்களுக்குத்தான் நம்மைப் போன்றவர்கள். அங்கே ஒரே அளவுகோல், தூரம். அந்தத் தூரத்துக்குள் அடங்குகிற வட்டாரம்தான் அந்தப் பள்ளியின் கேட்ச்மெண்ட்.

"நடக்கிற தூரம் இல்லைப் பிள்ளை," என்றார் அக்கா. "அவங்கள் கம்ப்யூட்டர் மேப்பில நேர்கோடு போட்டுத்தான் அளக்கிறவங்கள். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் எண்டாலும் பரவாயில்லை, கோடு கிட்ட இருந்தால் சரி."

அன்று ராத்திரி தொடங்கியது என் வீட்டுக்காரரின் பைத்தியம். அப்போது நாங்கள் இருந்த வீடு பஸ்ஸில் வசதி, கடைக்கு வசதி, வாடகையும் குறைவு. ஆனால் அந்தப் பள்ளியில் முந்தின வருஷம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டுத் தூரத்தைக் கவுன்சில் வெளியிட்டிருந்தது, நாங்கள் அதற்குக் கிட்டத்தில்கூட இல்லை. பெயர் பெற்ற பள்ளிகளில் அந்தக் கோடு 300, 400 மீட்டரிலேயே நின்றுவிடுவதும் உண்டு. எங்கள் ஊரில் வீட்டிலிருந்து களத்துமேடு அதைவிடத் தூரம்! அவர் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அளந்தார். கோடு யார் வீட்டுத் தோட்டத்திலோ புகுந்து, பப்பின் கார் நிறுத்தத்தைத் தாண்டி, மெட்ரோபாலிட்டன் லைனின் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிப் பள்ளி வாசலில் போய் நிற்கும். அந்த வழியில் பூனைகூடப் போக முடியாது. நாம் போவதென்றால் சுற்றிக்கொண்டு பாலம் ஏறி இறங்க வேண்டும். ஆனாலும் காகிதத்தில் நாம் பக்கம். பள்ளி இருக்கிற பக்கமே, நேரே நடந்தால் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிற வீடு காகிதத்தில் தூரம். இந்த அநியாயத்தைப் பற்றி அவர் சாப்பிடும்போது, பல் விளக்கும்போது, என் அப்பாவுக்கு போன் போட்டு என எங்கும் பேசினார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கயும் சர்வேயர் தானா மாப்ள?" என்றார்.

வீட்டு ஏஜெண்டுகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. விளம்பரத்தில் குளியலறை எத்தனை என்பதற்கு முன்னால் பள்ளியின் பெயர் இருக்கும். ஒரே அளவு, ஒரே பழசு, ஒரே மாதிரி ஈரம் பூத்த சுவர், ஆனால் கோட்டுக்கு உள்ளே என்றால் தனி விலை. கோட்டுக்குள்ளே ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துக் காட்டிவிட்டு, நிஜத்தில் வேறு எங்கோ இருக்கிற ஆட்களும் உண்டு. அதனால் கவுன்சில் வீட்டு வரிக் கணக்கைப் பார்க்கும், பிள்ளைக்காக அரசு தருகிற சைல்டு பெனிஃபிட் பணம் எந்த விலாசத்துக்குப் போகிறது என்று பார்க்கும். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே பறித்துவிடும். "அந்த நாலாம் நம்பர் வீட்டில ராத்திரி லைட் எரியிறதே இல்லை, கவனிச்சனீங்களோ?" என்று அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டபோது எனக்கு எங்கள் தெருத் திண்ணை ஞாபகம் வந்தது.

ஊரில் ஒன்றியப் பள்ளியில் நான் சேர்ந்த அன்றைக்கு அம்மா என்னை விஜயதசமி பார்த்து அழைத்துப் போனாள். தட்டில் அரிசி, பொரிகடலை, வெற்றிலை பாக்கு. பெரிய சார் பிறப்புச் சான்று கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன், அட்மிஷன் முடிந்தது. எட்டாதவர்களையும் "அடுத்த மாசம் எட்டிடும்" என்று சேர்த்துக்கொள்வார். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை அவரே எழுதினார், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காகிதத்தில் ஜூன் பிள்ளைகள்தான். இடம் இல்லை என்ற பேச்சே கிடையாது. பிள்ளை வரவில்லையென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே தேடிப் போவார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி வரைக்கும். பிற்பாடு வந்த மஞ்சள் வேன் அந்த வாய்க்காலைத் தாண்டியதே இல்லை. அங்கேயும் ஒரு கோடு இருந்தது, அதை எந்தக் கவுன்சிலும் வெளியிடவில்லை, அவ்வளவுதான்.

எங்கே விட்டேன்? வீடு மாறினோம். ஏப்ரல் 16 மாலை மெயில் வந்தது. இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் சர்வேயர் வேலையை ராஜினாமா செய்தார்.

பள்ளி நிஜமாகவே நல்ல பள்ளி, அதை மறைக்க மாட்டேன். சின்ன வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது, 31வது ஆளாக நுழைய அப்பீல் போட்டவர்கள் பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புகிறார்கள். கூட ஓர் உதவி ஆசிரியை. தலைமையாசிரியை தினமும் காலையில் கேட்டில் நின்று, மழையிலும் குடையோடு, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் மகளின் முழுப் பெயரை அவர் ஒரே வாரத்தில் சுத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார், என் சக ஊழியர்களால் இன்னும் முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்காக விடிந்ததும் பிரேக்ஃபாஸ்ட் கிளப், சாயந்திரம் கிளப், இவற்றுக்கு மட்டும் காசு. தினம் ஒரு கதைப் புத்தகம் பையில் வரும், நாம் கேட்டுவிட்டுக் குறிப்பு நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

ரிசப்ஷனில் எழுத்துவேலை கொஞ்சம், மணல், தண்ணீர், சேறுதான் அதிகம். அம்மாவுக்கு இது தாங்கவில்லை. "நோட்டைக் காட்டு" என்பாள். நோட்டில் என்ன இருக்கும்? மண்டையிலிருந்து நேராகக் கை முளைத்த ஒரு மனுஷன் இருப்பான். "எதிர்வீட்டுப் பேத்தி எல்கேஜியில நூறு வரைக்கும் எழுதுது" என்று பெருமூச்சு விடுவாள். ஒன்றாம் வகுப்பில் ஒலி கூட்டிப் படிக்கும் பரீட்சை ஒன்று உண்டு. 40 சொற்களில் பாதி, அர்த்தமே இல்லாத சொற்கள், பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் போட்டிருக்கும். மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. இதை அம்மாவிடம் சொன்னதும், "இல்லாத வார்த்தையைப் படிக்கவா லண்டன் போனா?" என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பள்ளி அம்மாவிடம் மார்க் வாங்கியது. மதியச் சாப்பாடு இலவசம். சின்ன வகுப்புகளுக்கு 2014 முதல், லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்குமே. "சோறும் போடுறாங்களா!" என்று கொஞ்சம் நிமிர்ந்தாள். உடனே அப்பா பின்னாலிருந்து, "காமராசர் 1956லயே போட்டுட்டாரு, இவங்க இப்பத்தான் வர்றாங்க" என்றார். எம்.ஜி.ஆர்., முட்டை, இப்போது 2022 முதல் காலையில் உப்புமா, பொங்கல் என்று தமிழ்நாட்டு அரசியல் வரலாறு முழுவதும் ஓடி முடிவதற்குள் என் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் போதும். ஒன்றியப் பள்ளியின் வரிசையில் தட்டோடு நின்றவள் நான், எனக்குத்தான் அந்தச் சாம்பார் வாசனை இன்னமும் மூக்கில் நிற்கிறது.

இவ்வளவு வாடகை கொடுத்துச் சேர்த்த பள்ளியிலிருந்து வந்த முதல் முக்கியமான கடிதம் என்ன தெரியுமா? வகுப்பில் யாருக்கோ பேன் இருக்கிறது, எல்லோரும் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! அடுத்து ஊரிலிருந்து வந்தவர்கள் கையில் மரத்தில் செய்த பேன் சீப்பு இரண்டு கொடுத்தனுப்பினாள். ஒன்று அக்காவுக்கு.

ஆறாம் வகுப்பு முடிவில் நடக்கும் சாட்ஸ் தேர்வில் 100 வாங்கினால் எதிர்பார்த்த அளவு, 110 என்றால் உயர்ந்த அளவு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதில் நாட்டு சராசரியைத் தாண்டி எங்கோ நிற்கிறார்கள். வேலியில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று ஒரு பேனர் கட்டியிருக்கிறது. பள்ளிகளை ஆய்வு செய்கிற ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் ஆய்வாளர்கள் எந்தக் காலத்திலோ கொடுத்த பட்டம். அந்தப் பட்டம் வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது. 2024 செப்டம்பரில் அப்படி ஒரே சொல்லில் தரம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். பேனர் மட்டும் இறங்கவில்லை. நான்காம் வகுப்பிலிருந்தே பாதிப் பிள்ளைகள் கிராமர் பள்ளி என்கிற, பரீட்சை வைத்துச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு டியூஷன் போகிறார்கள், நம் ஆட்கள் மூன்றிலேயே. அந்த 300 மீட்டருக்குள் வாடகை கட்டக்கூடியவர்கள் யார், கட்ட முடியாதவர்கள் யார்? மார்க்கில் ஆசிரியர்கள் பங்கு எவ்வளவு, வீட்டு ஏஜெண்டுகள் பங்கு எவ்வளவு என்று எந்த ஆய்வாளரும் பிரித்து எழுதியதில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், பழைய வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே இடம் காலியாகவே கிடக்கிறது. அதன் ஆசிரியைகளும் மழையில் கேட்டில் நிற்கத்தான் செய்கிறார்கள், பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. மூன்றேகாலுக்கு கேட்டில் நிற்கிற அம்மாக்களோடு மழையைப் பற்றிப் பேசுகிறேன், கேக் விற்பனைக்கு ரவா கேசரி செய்து கொடுத்து வேர்க்கடலை சேர்க்கவில்லை என்று சீட்டு ஒட்டுகிறேன். மணி அடித்தவுடன் மட்டும் காது ஏமாற்றுகிறது. எங்கள் பள்ளி மணி, புளியமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதில் கடைசி மணியை அடிக்கும் முறை யாருக்கு என்று தினமும் சண்டை நடக்கும். வெளியே ஜவ்வு மிட்டாய்க்காரர் பொம்மையைக் கைதட்ட வைத்துக்கொண்டு நிற்பார். இங்கே வெயில் அடித்தால் ஐஸ்கிரீம் வண்டி வருகிறது. என் பெண் அந்தப் பாட்டைக் கேட்டதும் ஓடுகிறாள், நான் சில்லறை தேடுகிறேன்.

தம்பிக்குத் தையில் கல்யாணம். பெண் வீட்டார் தையைத் தவிர வேறு மாதம் வேண்டாம் என்கிறார்கள். பருவத்தின் நடுவே வருகிற ஹாஃப் டெர்ம் விடுமுறை பிப்ரவரியில் வருவதற்குள் மாசி பிறந்துவிடும். ஜோசியரிடம் இங்கிலாந்துப் பள்ளி நாட்காட்டியைக் கொடுத்து முகூர்த்தம் குறிக்கச் சொல்ல முடியுமா? பள்ளியிடம் கேட்டேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அனுமதி தர இயலாது என்று அன்பாக எழுதினார்கள். அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனால் அபராதம். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, அப்பா அம்மா ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. "பெரிய சார் கிட்ட நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லுடி, விடமாட்டாரா?" என்கிறாள் அம்மா.

வீட்டுக்காரர் மறுபடி அளக்க ஆரம்பித்துவிட்டார், இந்தத் தடவை நாட்களை. வெள்ளி மாலை கேட்டிலிருந்து நேரே ஹீத்ரோ. ஞாயிறு காலை மன்னை எக்ஸ்பிரஸில் ஊர். புதன் முகூர்த்தம், அன்று ராத்திரியே சென்னைக்குக் கார், வியாழன் விமானம், வெள்ளி காலை பள்ளி. நான்கு நாள்தான், அபராதத்தில் மாட்டாது. மறுவீட்டு விருந்துக்குக்கூட நிற்காமல் ஓடிய நாத்தனாரைப் பற்றிப் பெண் வீட்டார் பேசப்போவதுதான் எனக்கு விதிக்கிற அபராதம், அதற்கு 21 நாள் தவணையும் கிடையாது.