சாயங்காலம் 5 மணி

என் மகளுக்கு அப்போது 7 வயது. காலையில் பள்ளிக்கு ஓடுவாள். சாயங்காலம் திரும்பும்போது இடது குதிகால் தரையில் படாது. பாதம் உள்பக்கமாகத் திருகி, நொண்டி ஆடுவது போல வருவாள். ராத்திரி தூங்கி எழுந்தால் ஒன்றுமே இருக்காது. டீச்சர் நடிப்பு என்றார். மாமியார் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். நானும் ஒருநாள் அடித்துவிட்டேன். நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

பாம்பனிலிருந்து ராமநாதபுரம், மதுரை என்று விடிகாலை பஸ் பிடித்து அலைந்தோம். அதுதான் வினையே. பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு, 10 மணிக்கு டாக்டர் முன்னால் அழகாக நடந்து காட்டுவாள். ஒருவர் கால்சியம் எழுதினார். இன்னொருவர் மூளை வாதம் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். எம்.ஆர்.ஐ.யில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷம் ஓடியது.

மூன்றாவதாகப் பார்த்த நரம்பு டாக்டர்தான், "எந்த நேரத்தில் அதிகமாகுது?" என்று கேட்டார். சொன்னதும், "சாயங்காலம் 5 மணிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தோம், அவளைத் தூங்கவிடவில்லை. சொன்ன நேரத்துக்குப் பாதம் திருகியது. "கால் இழுக்குதும்மா" என்று அவள் அழ, எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெற்றவள் நினைக்கக்கூடியதா அது!

செகாவா நோய் என்றார். கைகால் அசைவைச் சீராக நடத்தும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் போதுமான அளவு ஊறுவதில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் மாதிரிதான்: இருப்பது பகலில் தீர்ந்துவிடும், தூங்கினால் கொஞ்சம் ஊறும். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்த பெரியவர்களுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தார். நாலாம் நாள் சாயங்காலம், அப்பாவின் வள்ளம் வருகிறது என்று கரைக்கு ஓடினாள்.

இது பரம்பரையாக வருவது என்று, அப்புறம் டாக்டர் என்னையும் ஒரு தாளில் எழுதச் சொல்லிப் பார்த்தார். பெயரும் ஊரும் எழுதி முடிப்பதற்குள் விரல்கள் இழுத்துக்கொண்டன. கடல் பாறையில் பாசி பிடுங்கிப் பிடுங்கி வந்தது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஜி.சி.ஹெச்.1 மரபணுவில் ஒரே பிழை. தாய், தகப்பன் யாராவது ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எல்லோருக்கும் வெளியே தெரியாது. பெண்பிள்ளைகளிடம்தான் அதிகம் தெரியுமாம். என் அம்மா கை நடுங்க நடுங்க மீன் அறுத்தது இதனால்தானோ என்னவோ.

சின்னவனுக்கு இன்னும் ரத்தம் எடுக்கவில்லை. விளையாடிவிட்டு அவன் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் குதிகாலைத்தான் பார்க்கிறேன்.